நிறைந்திருந்ததாகச் சான்றளிக்கப்படுகிறது

குடியரசு பிறந்த நூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டு, மூன்றாம் மாதம், எங்கள் ஹாய்வேய் ஊருக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. "அவசரகால மின்னாற்றல் சேமிப்பு மற்றும் பொதுமக்கள் மன அமைதி உறுதியளிப்புக் கலன்" என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது. எழுத்து ஒரு பக்கத்தில் அடங்காமல், மூலை திரும்பிப் பின்பக்கம் போய் முடிந்தது. நாங்கள் பெட்டி என்றே சொன்னோம்.

கப்பலில் ஏற்றும் சரக்குப் பெட்டி அளவு இருக்கும். வெள்ளை வெளேரென்று, மாஸூ அம்மன் கோயிலுக்கும் ஊர் மன்றத்துக்கும் நடுவில் இறக்கி வைத்தார்கள். உள்ளே முழுக்க பேட்டரி. ஐந்நூறு யூனிட் பிடிக்கும். புயலில் கம்பம் சாய்ந்து ஊர் இருண்டால் இந்தப் பெட்டி நமக்குக் கை கொடுக்கும் என்று ஊராட்சித் தலைவர் பேசினார். பிறகு வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, தங்க முலாம் பூசிய கத்தரிக்கோலால் சிவப்பு நாடாவை வெட்டினார். அது வெட்டவில்லை. நான்தான் கடைக்கு ஓடிப்போய் கட்டிங் பிளேயர் கொண்டுவந்து கொடுத்தேன்.

நான் குவோ-ஷெங். ஊரில் ஆ-ஷெங் என்று கூப்பிடுவார்கள். மன்றத்துக்கு எதிரில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். முன்பு பெட்ரோல் வண்டி, இப்போது ஏழு வருஷமாக மின்சார வண்டி. பேட்டரியைப் பற்றி இந்த ஊரில் கொஞ்சம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே காரணம்.

பெட்டியைப் பொருத்த வந்த பொறியாளர், கடைசி வேலையாக அதன் தலையில் ஒரு பச்சை நிறச் சோளப் பொரிப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனார். எங்கள் நாட்டில் ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின் முதல் வங்கிக் கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றின் தலையிலும் அது இருக்கும். இருந்தால் இயந்திரம் சமத்தாக நடந்துகொள்ளும். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் மக்கர் பண்ணும். பிரித்துத் தின்னக் கூடாது. தேதி தாண்டக் கூடாது. இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். சரி, எடுத்துவிடட்டுமா என்று கேட்டால் சிரிக்க மாட்டார்கள்.

அந்த வருஷம் "புகையில்லா ஹாய்வேய்" என்பதுதான் எங்கும் பேச்சு. ஊராட்சி ஆபீஸில் எல்லாரும் இளம்பச்சை அரைக்கோட்டு போட்டுக்கொண்டார்கள். புகைக்கு எதிராக ஊர்வலம் நடந்தது. ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு டீசல் லாரி ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு போனது. அந்த அலையில் மாட்டிக்கொண்டவர் சியூஜின் அக்கா.

அக்கா கலவா மீன் குஞ்சு வளர்ப்பவர். பன்னிரண்டு சிமெண்ட் தொட்டி, எண்பதாயிரம் குஞ்சு. ஒவ்வொன்றும் விரல் நீளம்கூட வராது. தொட்டியில் காற்று ஊதும் மோட்டார் ராப்பகலாக ஓட வேண்டும். நின்றால் கால் மணியில் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அரை மணி தாண்டினால் அவ்வளவுதான். அதனால் கொட்டகைக்குப் பின்னால் கிழட்டு டீசல் ஜெனரேட்டர் ஒன்று வைத்திருந்தார். பதினாறு புயலைப் பார்த்த கிழம். அதை ஒப்படைக்கச் சொல்லி ஆபீஸிலிருந்து ஜுவாங் வந்தார்.

ஜுவாங், ஆற்றல் அளவை மற்றும் சேமிப்புப் பிரிவின் அதிகாரி. நாற்பது வயது. இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. கழுத்தில் அடையாள அட்டை, அதற்கு ஒரு உறை, அந்த உறைக்கு ஒரு உறை. கெட்ட மனுஷர் இல்லை. தப்பு நடந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்தே வேலை பார்ப்பவர். அந்த மாதிரி ஆட்களால்தான் ஊரில் பெரிய தப்புகள் நடக்கின்றன.

"இதைக் கொடுத்துட்டா, கரண்ட் போனா என் குஞ்சுங்க கதி?" என்று அக்கா கேட்டார்.

"அதான் பெட்டி இருக்கே அக்கா. உங்க கொட்டகைக்குன்னு தனியா லைனே இழுத்திருக்கோம். முதல் உரிமை உங்களுக்குத்தான். எழுத்துல தரேன்."

எழுத்தில் தந்தார். அக்கா ஜெனரேட்டரைத் தந்தார். அதை எடுத்துப்போய் பழைய இரும்பாக உடைத்து, உடைத்ததை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அக்காவுக்கே அனுப்பிவைத்தார்கள்.

நாலாம் மாதம் மாவட்டத் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. "பெட்டியில் மின்சாரம் நிறைந்துள்ளதா என்பதைத் தக்க ஆதாரத்துடன் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." ஜுவாங் என்னைக் கூட்டிக்கொண்டு பெட்டிக்குப் போனார். கூடவே பிரிவின் இளநிலை எழுத்தர் சின்-யி, கையில் கோப்புடன் வந்தாள்.

"நூறுன்னு காட்டுது சார். நிறைஞ்சிருக்கு," என்றேன்.

"யார் சொல்றது?"

"பெட்டிதான் சார் சொல்லுது."

"என் வயிறு நிறைஞ்சிருக்குன்னு நானே சொல்லிக்கிட்டா அது சாட்சியாப்பா? ஒரு அரசாங்கப் பொருள் தன்னைப் பத்தித் தானே சான்று கொடுத்துக்க முடியாது. சட்டத்துல இடமில்லை. வேற வழி சொல்லு."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். தெரிந்ததைச் சொல்லிக் காட்டும் ஆசை யாரை விட்டது? "சரியா தெரியணும்னா ஒரே வழிதான் சார். உள்ள இருக்கிறது மொத்தத்தையும் வெளிய இறக்கி, எத்தனை யூனிட் வந்துச்சுன்னு அளக்கணும்," என்றேன்.

பேட்டரி விஷயத்தில் இது முழு உண்மை. நீங்கள் எந்த நிபுணரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஜுவாங்கின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா சின்-யி? இதான் அறிவியல். எழுதிக்க."

"சார், மொத்தத்தையும் இறக்கிட்டா உள்ள ஒண்ணும் இருக்காதே?" என்று சின்-யி கேட்டாள்.

"ஆனா எவ்வளவு இருந்துச்சுன்னு துல்லியமா தெரிஞ்சிருக்கும்," என்றார் ஜுவாங்.

ஐந்நூறு யூனிட்டை எதில் இறக்குவது? கடலிலா கொட்ட முடியும்? ஊர் மன்றத்தின் ஆறு ஏசியையும் பதினெட்டில் வைத்தார்கள். கோயில் விளக்குச் சரம் முழுவதையும் பகலிலேயே எரியவிட்டார்கள். அப்படியும் மீட்டர் மெல்லத்தான் நகர்ந்தது. கரோக்கே கருவியை எடுத்து மாட்டினார்கள். கோயில் கமிட்டி பாவ்-ஜூ அத்தை தன் வீட்டு மின் அடுப்பைக் கொண்டுவந்து சூப் கொதிக்கவைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் அடுப்பு, அரிசிப் பானை, முடி உலர்த்தி, கால் பிடித்துவிடும் மெஷின் என்று ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் என் கடையின் ஸ்கூட்டர் பேட்டரிகளைச் சார்ஜில் போட்டேன். சின்-யி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து எழுதினாள். மாலை ஐந்தரைக்குப் பாவ்-ஜூ அத்தை பிரிவுத் துயரப் பாட்டின் உச்சத்தில் இருக்கும்போது மைக் அணைந்தது.

நானூற்றுத் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு யூனிட். ஜுவாங் கண்கலங்கினார். அன்றைக்கே சான்றிதழ் தயாரானது: "மேற்படி கலன், அளவையின்போது, நிறைந்திருந்ததாக இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது. ஏழு நாட்களுக்குச் செல்லுபடியாகும்." கண்ணாடி போட்டுப் பெட்டியின் முகப்பில் மாட்டினார்கள். மாட்ட இடம் தேடினால், அளவு காட்டும் சின்னத் திரை இருந்த இடம்தான் தோதாக இருந்தது. திரை மறைந்துவிட்டது. அதுவும் நல்லதுதான் என்றார் ஜுவாங். திரை பூச்சியம் என்று காட்டுகிறது, சான்றிதழ் நிறைவு என்கிறது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மக்கள் குழம்புவார்கள்.

"சரி சார், திரும்ப நிரப்பிடலாமா?" என்றேன்.

"எதை?"

"கரண்ட்டைத்தான்."

"யோசிச்சுப் பேசுப்பா. இந்தச் சான்றிதழ் எந்தக் கரண்ட்டுக்குக் கொடுத்தது? அளந்த கரண்ட்டுக்கு. நீ இப்ப புதுசா ஊத்துற கரண்ட்டை யார் அளந்தா? அளக்காத கரண்ட்டை உள்ள விட்டா சான்றிதழ் செல்லாமப் போயிடும். அடுத்த அளவைக்கு முந்தின நாள் நிரப்பினாப் போதும்."

சொல்லிவிட்டு, நிரப்பும் பிளக்கின் மேலும் எடுக்கும் சுவிட்சின் மேலும் முத்திரைத் தாள் ஒட்டினார். அளவைக்கு வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். ஆக, எங்கள் பெட்டி புதன் இரவு நிரம்பும். வியாழன் மாலை காலியாகும். மற்ற நாளெல்லாம் சான்றிதழுடன் வெறும் வயிற்றோடு நிற்கும். கணக்குப்படி அது ஒரு நாள்கூட நிறையாமல் இருந்ததில்லை.

இதை ஊர் எதிர்த்திருக்கும் என்று நினைப்பீர்கள். எதிர்க்கவில்லை. வியாழக்கிழமையை ஊர் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. முதலில் மாதம் ஒருமுறை அளவை என்றுதான் உத்தரவு. சான்றிதழ் ஏழு நாள்தான் செல்லும், மீதி நாளெல்லாம் ஊர் பாதுகாப்பில்லாமல் கிடக்கிறது என்று பாவ்-ஜூ அத்தை தலைமையில் நூற்று நாற்பது பேர் மனு கொடுத்து, அதை வாரம் ஒருமுறை ஆக்கினார்கள். எண்பது வயதுக்காரர்கள் ஏசியில் வந்து தூங்கினார்கள். ஆப்பிள் பாட்டு, துறைமுகப் பாட்டு, குடிகாரப் பாட்டு எல்லாம் முறைவைத்துப் பாடப்பட்டன.

சில வாரத்தில் "வியாழன் கரண்ட்" ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. அளந்த கரண்ட்டில் சார்ஜ் செய்த போன் அதிக நேரம் நிற்கிறது என்று ஒருவர் சொல்ல, ஆமாம் படமும் தெளிவாக இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். குமிழித் தேநீர்க் கடையில் "அளவிடப்பட்ட மின்சாரத்தில் மட்டுமே தயாரிக்கப்பட்டது" என்று பலகை தொங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் நாலு, ஐந்து பவர் பேங்க் சேர்ந்தது. வியாழன் நிரப்பி, அலமாரியில் வரிசையாக அடுக்கி, விருந்தாளிக்குக் காட்டினார்கள். எடுத்து உபயோகிக்க மாட்டார்கள், நூறு குறைந்துவிடுமே! நானும் சும்மா இருக்கவில்லை. "இங்கே வியாழன் சார்ஜ் கிடைக்கும்" என்று எழுதிக் கடை வாசலில் மாட்டினேன். நன்றாகவே ஓடியது.

ஒரே ஒரு ஆள் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஏழாம் மாதம் ஒரு வியாழக்கிழமை, மன்றத்தில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது, ரப்பர் பூட்ஸும் மீன்வாடையுமாக சியூஜின் அக்கா உள்ளே வந்தார். பாடிக்கொண்டிருந்தது நான்தான். என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"ஜுவாங் சார், ஒண்ணு கேக்கணும். வெள்ளிக்கிழமை புயல் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வெள்ளிக்கிழமை சான்றிதழ் செல்லும் அக்கா. கவலைப்படாதீங்க."

"நான் கேக்குறது கரண்ட்டு!"

"சான்றிதழ் இல்லாத கரண்ட்டை எப்படி உங்க தொட்டிக்கு அனுப்புறது? குஞ்சுங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"சியூஜின், பாட்டை நிறுத்தாதேடி," என்றார் பாவ்-ஜூ அத்தை. "மனு எழுதிக் கொடு. இதுக்கெல்லாம் முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அக்கா மனு எழுதினார். பதில் வந்தது. "பொருள்: புயலின் கிழமை தொடர்பாக. புயல் வருகை குறித்த விவகாரம் இவ்வலுவலக வரம்புக்கு உட்பட்டதன்று என்பதால், தங்கள் மனு வானிலை அலுவலகத்திற்கு அனுப்பப்பட்டுள்ளது." வானிலை அலுவலகமும் மரியாதையாகப் பதில் போட்டது. புயல்களை வியாழக்கிழமை மதியத்துக்குள் வரவழைக்கும் கோரிக்கை தற்சமயம் ஏற்பதற்கில்லை என்று வருத்தத்துடன் தெரிவித்திருந்தார்கள்.

புயல் சனிக்கிழமை வந்தது.

விடுமுறை அறிவித்துவிட்டதால் ஊரே ஜன்னலுக்கு டேப் ஒட்டிவிட்டு, கப் நூடுல்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கடற்கரைப் பக்கத்துக் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கரண்ட் போனது. அக்காவிடம் ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. பன்னிரண்டு தொட்டிக்கும் முக்கால் மணி நேரம் வரும். அதைத் திறந்துவிட்டு, மழைக்கோட்டுகூடப் போடாமல் பெட்டிக்கு ஓடிவந்தார். நான் கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றவன், அவர் ஓடுவதைப் பார்த்துப் பின்னாலேயே போனேன்.

ஜுவாங் பேரிடர்ப் பணியில் மன்றத்தில் இருந்தார். மஞ்சள் ஹெல்மெட், அரைக்கோட்டு, கையில் கோப்பு.

"லைனைப் போடுங்க சார்! முக்கால் மணி நேரம்தான் இருக்கு!"

"போட்டுடலாம் அக்கா. அவசர நிலைமைன்னு ஒரு படிவம் இருக்கு, அதுல..."

அக்கா படிவத்துக்கு நிற்கவில்லை. நேரே பெட்டிக்குப் போய் முத்திரைத் தாளைப் பிய்த்தார்.

"ஐயோ, அதைக் கிழிச்சா சான்றிதழ் செல்லாது!" என்று ஜுவாங் கத்தினார்.

அக்கா சுவிட்சைத் தள்ளினார். டொக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி தள்ளினார். மறுபடி டொக். பிறகு முகப்பில் இருந்த சான்றிதழைக் கண்ணாடியோடு கழற்றிக் கீழே வைத்தார். பின்னால் திரை இருந்தது. பூச்சியம்.

"திரை பழுது," என்றார் ஜுவாங். மழை அவர் ஹெல்மெட்டில் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. பிறகு, "புதன்கிழமைதானே நிரப்புவோம்," என்றார். அதை அவர் அப்போதுதான் முதல்தடவையாகக் கேட்பது போல இருந்தது.

அக்கா அழவில்லை, திட்டவில்லை. என் பக்கம் திரும்பினார். "ஆ-ஷெங், வாராவாரம் ஐந்நூறு யூனிட் எங்கே போச்சு?"

"எங்கேயும் போகல அக்கா. எல்லார் வீட்டு அலமாரியிலும்தான் இருக்கு."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. என் கடையில் பதினாலு ஸ்கூட்டர் பேட்டரி முழு சார்ஜில் நிற்கிறது. ஊரில் வீட்டுக்கு வீடு ஸ்கூட்டர் பேட்டரி இருக்கிறது. என்னிடம் இன்வெர்ட்டரும் உண்டு. மோட்டாரை ஓட்ட அது போதும். அக்கா தெருவில் இறங்கிக் கதவு கதவாகத் தட்டினார். புயலென்று பார்க்காமல் எல்லாரும் கதவைத் திறந்தார்கள். எங்கள் ஊர் ஜனங்கள் நல்லவர்கள். பேட்டரியையும் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்தார்கள். வந்து வரிசையில் நின்றார்கள்.

"தரேன் சியூஜின், தராம இருப்பேனா?" என்றார் பாவ்-ஜூ அத்தை, ஒரு கையில் பேட்டரியும் மறு கையில் குடையின் கம்பியும் வைத்துக்கொண்டு. "ஆனா இது வியாழன் கரண்ட்டு. நூறு இருக்கு. எவ்வளவு இருந்துச்சுன்னு ஆ-ஷெங் அளந்து ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்துடட்டும். பின்னாடி பேச்சு வரக் கூடாது பாரு."

"எனக்கும் ஒரு சீட்டு."

"என்னோடது தொண்ணூத்தாறு. முன்னாடியே சொல்லிட்டேன்."

"வெறும் அளந்ததுன்னு எழுதாதே, வியாழன்னு எழுது."

இவர்களை நான் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் அவர்கள் வந்து சேரும்போது நான் என் சொந்தப் பதினாலு பேட்டரியில் மூன்றாவதை மீட்டரில் மாட்டி அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கை பழகிவிட்டது. நாலு மாதமாகப் பார்த்துப் பார்த்து, அளக்காமல் ஒன்றை எடுத்துக் கொடுப்பது எப்படி என்றே மறந்துபோயிருந்தேன்.

அக்கா என் நோட்டைப் பார்த்தார்.

"எழுது எழுது. எழுதி முடிச்சதும் என் குஞ்சுங்களுக்கும் ஒரு சான்றிதழ் எழுதிடு. கடைசியா எண்ணினப்போ எம்பதாயிரமும் உயிரோட இருந்துச்சுன்னு. ஏழு நாள் செல்லும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த நேரத்தில் வெளியே ஏதோ விழும் சத்தம் கேட்டது. பார்த்தால் ஜுவாங். தன் சொந்த ஸ்கூட்டரைக் கொட்டும் மழையில் சாய்த்துப் போட்டு, இருக்கையைத் தூக்கி, இரண்டு பேட்டரியையும் உருவிக்கொண்டிருந்தார். சட்டை மடிப்பெல்லாம் போய்விட்டது. இரண்டையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து, அக்கா காலடியில் வைத்தார்.

"எவ்வளவு இருக்கு சார்?" என்று பழக்கதோஷத்தில் நான் கேட்டேன்.

"தெரியாது. எடுத்துக்கிட்டு போங்க," என்றார் ஜுவாங்.

ஒரு அதிகாரியே அளக்காமல் கொடுத்த பிறகு மற்றவர்கள் என்ன செய்ய முடியும்? எல்லா பேட்டரியையும் என் வேனில் போட்டார்கள். சிலர் போடும் முன் தங்கள் பெயரை மட்டும் பேனாவால் எழுதினார்கள். கொட்டகைக்குப் போய் இன்வெர்ட்டரை மாட்டி, மோட்டார் உறுமி, தொட்டியில் காற்றுக் குமிழி கிளம்பும்போது மணி மூன்று. சிலிண்டர் தீர்ந்து கால் மணி ஆகியிருந்தது. கடைசி மூன்று தொட்டிக்குச் சிலிண்டர் காற்று முன்பே போகாமல் நின்றுவிட்டது. அந்த மூன்றிலும் குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. மற்ற ஒன்பதும் பிழைத்தன. அக்கா அந்த மூன்று தொட்டியையும் வலையால் தானே அள்ளினார், யாரையும் உதவிக்கு விடவில்லை. மூன்று தொட்டி என்பது நான் மீட்டரில் அளந்து வீணாக்கிய நேரம்தான். அதை எனக்கு யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் கரண்ட் வந்தது. அதற்கு அடுத்த வாரம் விசாரணை வந்தது. மாவட்டத்திலிருந்து மூன்று பேர் வந்து, பெட்டியைச் சுற்றிவந்து, சான்றிதழைப் படித்து, நாற்பது பக்க அறிக்கை கொடுத்தார்கள். அதன் சாரம் இதுதான்: சம்பவ நாளன்று கலன் நிறைந்திருந்தது சான்றிதழால் ஐயமற நிறுவப்படுகிறது. ஆகவே மின்சாரம் வராததற்குக் கலன் காலியாக இருந்தது காரணமாக இருக்க இயலாது. நுணுகி ஆராய்ந்ததில், கலனின் மீது வைக்கப்பட்டிருந்த பச்சைப் பொட்டலம், சம்பவத்துக்கு மூன்று நாள் முன்பே காலாவதியாகியிருந்தது கண்டறியப்பட்டது.

இதைப் படித்து ஊர் கொதிக்கவில்லை. "அதான் பாத்தேன்!" என்றது. எனக்கும், உண்மையைச் சொன்னால், மனசு லேசானது.

ஜுவாங்குக்குத் தண்டனை கிடைத்தது. பெட்டி காலியாக இருந்ததற்கு இல்லை. பணி நேரத்தில், அளவிடப்படாத மின்சாரத்தைத் தனியாருக்கு வழங்கியதற்கு. மலைப்பக்கம் ஒரு ஊரின் குடிநீர்த் தொட்டிகள் ஆய்வுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இப்போது எல்லாத் தொட்டிகளும் நிறைந்திருந்ததாகக் கேள்வி.

அவர் இடத்துக்குச் சின்-யி வந்தாள். வந்ததும் மன்றத்தில் ஊர்க் கூட்டம் போட்டாள்.

"பெட்டியை நிரப்பி, முத்திரை ஒட்டாம, அளக்காம அப்படியே விட்டுடணும்னு சியூஜின் அக்கா கேக்குறாங்க. எனக்குச் சம்மதம். கையெழுத்துப் போட பேனா கொண்டுவந்திருக்கேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

பாவ்-ஜூ அத்தை மெல்ல எழுந்தார்.

"ஆட்சேபணையெல்லாம் இல்லம்மா. சியூஜின் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியாதா? அப்படியே விட்டுடலாம். ஆனா... வியாழக்கிழமை?"

மன்றத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஏசி ஓடாததால் புழுக்கமாக இருந்தது. மூலையில் கரோக்கே கருவி துணி போர்த்தி நின்றது. பிறகு யாரோ, போன தடவை ஒரு பொட்டலம் வைத்ததுதான் தப்பு, மூன்று வைத்தால் போதுமே என்றார்கள். அதுவும் புதுத் தேதியில் வைத்தால். வாக்கெடுப்பு நடந்தது. அளவை தொடரலாம் என்று நூற்றுப் பன்னிரண்டு கை எழுந்தது. வேண்டாம் என்று ஒரே ஒரு கை. நான் எந்தக் கணக்கில் என்று கேட்காதீர்கள்.

அக்கா எங்கோ போய் இன்னொரு கிழட்டு டீசல் ஜெனரேட்டரை வாங்கிவந்தார். பழையதைவிடச் சத்தம். இந்தத் தடவை அதை ஒப்படைக்கச் சொல்லி யாரும் வரவில்லை. வியாழக்கிழமைதோறும், அளவை நடந்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, ஓட்டிப் பார்க்கிறேன் என்று அதைக் கிளப்பிவிடுவார். மன்றத்தில் மைக் பிடித்தவர் பாடுவது அவருக்கே கேட்காது. மூன்று வாரம் பொறுத்தோம். பிறகு மேற்படி இயந்திரத்தின் ஒலி பொதுமக்களின் மன அமைதிக்குப் பங்கம் விளைவிப்பதாக முப்பத்தோரு பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம்.

மறுநாள் மனுவின் நகலோடு அக்கா என் கடைக்கு வந்தார். ஜெனரேட்டருக்கு சைலன்சர் மாட்ட முடியுமா என்று பார்க்கச் சொல்லி ஆபீஸில் எழுதியிருந்தார்களாம். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏழாவது கையெழுத்து உன்னோடதுதானே?"

"ஆமா அக்கா."

"பரவாயில்லை விடு. சைலன்சர் மாட்டிடு. ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க அக்கா."

"வியாழக்கிழமை யார் வேணும்னாலும் பாடட்டும், நீ பாடாதே. இந்த மூணு வாரமும் நீ மைக்கைப் பிடிச்ச பிறகுதான் நான் ஜெனரேட்டரைப் போட்டேன். நீ பாடினா குஞ்சுங்க மேல வந்து வாயைப் பிளக்குதுங்கப்பா."